ஆறு மாத்திரை, ஏழு நாள்

வாரத்தில் எனக்கு எழுத வருவது புதன்கிழமைதான். ஞாயிறு காலை மாத்திரை போடுகிறேன். திங்கள் முழுக்க வயிறு புரட்டும். செவ்வாய் அசதி. புதன் காலை நாக்குக்கு உப்பு தெரியத் தொடங்கும். அப்போது நோட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவேன். இந்தக் குறிப்பு அப்படி ஐந்து புதன்கிழமைகளில் எழுதியது. முற்றிய புற்றுநோயை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தபடியே வாரம் ஒருமுறை மாத்திரை விழுங்குகிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கத்தில் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களுக்குப் பயன்படலாம். ஷிஃப்ட் வேலைக்குப் போகும் வீடுகளுக்குக் கட்டாயம் பயன்படும்.

நான் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் தரப் பிரிவில் இருந்தேன். அளவுகருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜ் என்று நானூறுக்கு மேல். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும்: கடைசியாகச் சரிபார்த்த நாள், அடுத்துச் சரிபார்க்க வேண்டிய நாள். அந்த நாள் தாண்டிய கருவி எவ்வளவு சரியாக அளந்தாலும் உற்பத்தி லைனில் இருக்கக்கூடாது. ஒரு நாள் தவறினாலும் நானே போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவேன். லைன் பையன்கள் எனக்கு 'ட்யூ டேட்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. முதல் மழை, மோட்டார் பழுதான நாள், கேஸ் சிலிண்டர் வந்த நாள் எல்லாம் நோட்டில் இருக்கும். நாள்காட்டிகளின் வரலாறு பற்றி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்திருக்கிறேன். மாதத்துக்கு நிலா சாட்சி, வருடத்துக்குச் சூரியன் சாட்சி, வாரத்துக்கு மட்டும் வானத்தில் சாட்சி இல்லை. மனிதர்கள் கூடி ஒத்துக்கொண்டதால்தான் ஏழு நாள் என்பது நடந்துகொண்டிருக்கிறது. படித்தபோது அது ஒரு சுவையான செய்தி, அவ்வளவுதான்.

நோய்க்கு வருகிறேன். நைட் ஷிஃப்டில் தூக்கத்தை விரட்டப் புகையிலையை இடது கன்னத்தில் அடக்கிவைத்துப் பழகியவன் நான். அதே இடத்தில் முதலில் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது, பிறகு புண்ணானது. அறுவை சிகிச்சை செய்தார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள். வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கும் என்றானது. அதோடு ஒன்றரை வருடம் நன்றாகவே இருந்தேன். போன பங்குனியில் விடாத இருமல். கழுத்தில் கொட்டைப்பாக்கு அளவு கட்டி. ஸ்கேன் எடுத்தார்கள். சர்க்கரை கலந்த ஒரு மருந்தை ஏற்றிவிட்டுப் படம் எடுப்பார்கள். அந்தச் சர்க்கரையை அவசரமாகக் குடிக்கிற இடமெல்லாம் படத்தில் விளக்குப்போல் எரியும். என் படத்தில் கழுத்தில் ஒன்று, நுரையீரலில் மூன்று.

தாம்பரம் தாண்டி நகரத்துக்குள் இருந்தது அந்த மருத்துவமனை. அங்கே எங்களைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். சுற்றி வளைக்காமல் பேசுவார்.

"திரும்ப வந்திருக்கு. முழுசா எடுத்துட முடியும்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா அடக்கிவைக்கப் பாக்கலாம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி தேவகி கேட்டாள்: "எத்தினி நாளுக்கும்மா?"

"அதை அளக்கற கருவி என்கிட்ட இல்லம்மா."

பத்தொன்பது வருடம் கருவிகளோடு இருந்தவனுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. பயம் போகவில்லை. ஆனால் இவரிடம் வைத்தியம் பார்க்கலாம் என்று தோன்றியது.

என்ன வைத்தியம் என்பதையும் அவர் எங்களுக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். "ஒரகடத்துல வேலை பாத்தீங்கன்னா கேட் செக்யூரிட்டி தெரியுமில்ல? நம்ம ரத்தத்துலயும் காவல் அணுக்கள் இருக்கு. கேன்சர் அணு என்ன பண்ணுதுன்னா, நானும் உள் ஆள்தான்னு ஒரு போலி ஐடி கார்டைக் காட்டுது. செக்யூரிட்டி விட்டுடறார். மூணு வாரத்துக்கு ஒருமுறை ஏத்தப்போற மருந்து அந்தக் கார்டு செல்லாம பண்ணிடும்."

"அப்ப மாத்திரை எதுக்கு?" என்றேன்.

"பெரிய டோஸ் கீமோ கூட்டத்துல தடியடி நடத்தற மாதிரி. செக்யூரிட்டிக்கும் சேத்து அடி விழும். இந்த மாத்திரை அதே மருந்துதான், ஆனா ரொம்பச் சின்ன டோஸ். விடாம கொடுத்துட்டே இருந்தா, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோற புதுக் குழாய் வளராது. செக்யூரிட்டி மேலயும் கை வைக்காது. ரெண்டும் சேர்ந்து வேலை செய்யணும். ஏத்தற மருந்தையுமே நாங்க சின்ன அளவுலதான் தரோம். முழு அளவு விலை நிறைய பேருக்கு எட்டாது. சின்ன அளவும் பலருக்கு வேலை செய்யுதுன்னு பாத்துட்டு வரோம்."

நான்கு முறை ஏற்றியதும் ஸ்கேன் என்றார். அடங்கியிருந்தால் தொடரலாம். வளர்ந்திருந்தால் இதற்குமேல் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான். முழு டோஸ் தாங்கும் உடம்பும் எனக்கு இல்லை, வாங்கும் வசதியும் இல்லை. எனவே அந்த நான்கு முறைதான் எங்களுக்கு இருந்த எல்லாம்.

வைகாசி இரண்டாம் செவ்வாய் முதல் முறை. படப்பையில் விடியற்காலை பஸ் ஏறி, தாம்பரத்தில் ரயில் மாறி, எட்டு மணிக்கு, மருந்து ஏற்றி அன்றே வீட்டுக்கு அனுப்பும் டே கேர் வார்டு வாசலில் இருப்போம். காலையில் ரத்தம் எடுப்பார்கள், முடிவு வர மூன்று மணி நேரம், டாக்டரம்மா பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மருந்து கலக்குவார்கள். எனவே அந்த வாசல் பெஞ்சுதான் எங்களுக்கு மருத்துவமனை. நான்கு இரும்பு நாற்காலிகளைச் சேர்த்துப் பிணைத்த பெஞ்சு. முதல் நாற்காலியில் ஒரு போல்ட் கழன்றிருந்தது. யார் உட்கார்ந்தாலும் மற்ற மூன்று பேரும் ஒருமுறை ஆடுவார்கள்.

அந்த நாற்காலியில் எப்போதும் கன்னியப்பன்தான் இருப்பார். படப்பை ஒரகடம் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். அவருக்கும் வாயில் வந்து திரும்பி வந்தது, அவருக்கும் என் மருந்துகளேதான், எனக்கு மூன்று வாரம் முன்னால் தொடங்கியவர். எனவே இருவருக்கும் ஒரே செவ்வாய். வார்டு வாசலில் கூட்டம் சேர்ந்தால் எழுந்து நின்று கை ஆட்டுவார்: "நவுரு நவுரு, இன்னும் ரெண்டு பேர் குந்தலாம். ஒரகடம் போனா காலியாய்டும்." கையில் ஊசி செருகியிருந்தவர்கள்கூடச் சிரிப்பார்கள்.

நான் எழுதுவதைப் பார்த்து முதல் நாளே கேட்டார். "இன்னா வாத்யாரே, வந்ததுலேர்ந்து எழுதிக்கினே கீறே. கேஸு எதுனா நடத்துறியா?"

"நாள் குறிப்புங்க. என்னிக்கு இன்னா மருந்து, எப்டி இருந்துச்சுன்னு."

"நாளே நிக்காம ஓடிக்கினு கீது. அத்த புடிச்சு நோட்டுல கட்டிப் போடப்போறியா?"

"முடிஞ்ச வரைக்கும்."

"போடு போடு. அப்டியே என் நாளையும் ரெண்டு கட்டிப் போடு."

இப்போது நினைத்தால் அந்தச் செவ்வாய்க்கிழமைகள் எனக்கு ஏதோ ஊருக்குப் போய் வந்த நாட்கள்போல் இருக்கின்றன. ஸ்பிரிட் வாசனை, கண்ணாடிக் கதவு திறக்கும்போது வரும் குளிர்க் காற்று, தேவகி ஃப்ளாஸ்க்கில் கொண்டுவரும் கேழ்வரகுக் கூழ், அதில் பாதியைக் கன்னியப்பன் தன் டிபன் பாக்ஸ் மூடியில் ஊற்றி வாங்கிக்கொள்வது. பயமும் அங்கேதான் இருந்தது. ஆனால் நாலு பேர் நடுவே உட்கார்ந்திருந்த பயம் அது.

வார்டின் தலைமை நர்ஸ் ஜான்சி சிஸ்டர் தூத்துக்குடிப் பக்கம். முதல் முறை மருந்து ஏறி முடிந்ததும் மாத்திரை அட்டைகளைக் கையில் கொடுத்துச் சொன்னார்.

"மஞ்ச மாத்திரை ஆறு. ஆறையும் ஒரே வேளையில போடணும். வாரத்துக்கு ஒருக்கத்தான். தெனமும் போட்டியன்னா ஆளு காலி, சொல்லிட்டேன். அட்டை மேல செவ்வாக்கெழமைன்னு எழுதிருக்கேன், பாத்துக்கிடுங்க."

மெத்தோட்ரெக்சேட் என்பது அதன் பெயர். ஜான்சி சிஸ்டர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். அன்றிரவே வீட்டில் ஆறும் போட்டேன். மறுநாள் காலை தேவகி வேலைக்குப் போன பிறகு வாந்தி வந்து, குளியலறையில் தலை சுற்றி விழுந்துவிட்டேன். மகன் ஓசூரில் வேலையாக இருக்கிறான்; வீட்டில் நாங்கள் இருவர்தான். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்கினார். தேவகி பிள்ளைப்பாக்கத்தில் செல்போன் பாகங்கள் பூட்டும் தொழிற்சாலையில் இருக்கிறாள். லைனுக்குப் போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மதியம் ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோதுதான் பதினோரு அழைப்பு இருந்ததைப் பார்த்திருக்கிறாள்.

அன்று மாலை அவள் ஒரு முடிவு எடுத்தாள். "இனிமே நான் வூட்ல கீற நாள்ல போடு மாமா. ஆஃப் அன்னிக்கி காலைல போட்டீன்னா நாள் பூரா நான் கூட இருப்பேன். நீ வியுந்து கெடக்கிறதைப் பக்கத்து வூட்டுக்காரர் சொல்லி நான் கேக்கணுமா?"

"வாரத்துக்கு ஒண்ணுதானே. போட்டுக்கலாம்" என்றேன்.

இங்கே எங்கள் பக்கத்து வாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். படப்பை, பிள்ளைப்பாக்கம், பென்னலூர் என்று இந்த ரோட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் என்ன கிழமை என்று யாரும் கேட்பதில்லை. "உனக்கு எப்போ ஆஃப்?" என்றுதான் கேட்பார்கள். கறி எடுப்பது ஆஃப் அன்று. எண்ணெய் தேய்த்துக் குளிப்பது ஆஃப் அன்று. எங்களுக்கு ஒரு ஆஃபிலிருந்து அடுத்த ஆஃப் வரை ஒரு வாரம். தேவகியின் தொழிற்சாலை இரவு பகல் நிற்காமல் ஓடுவது. இரண்டு ஆஃபுக்கு ஒருமுறை ஷிஃப்ட் மாறும். அப்போது ஆஃபும் முன்னால் நகரும். ஞாயிறாக இருந்தது வியாழனாகும், வியாழனாக இருந்தது திங்களாகும். வருடக்கணக்காக அப்படியே வாழ்ந்துவிட்டோம். எனவே ஆஃப் வந்தால் வாரம் வந்துவிட்டது என்பதில் எனக்கோ அவளுக்கோ ஒரு சந்தேகமும் எழவில்லை.

ஒவ்வொரு ஆஃப் அன்றும் காலையில் அவளே ஆறு மாத்திரையை எண்ணிக் கிண்ணத்தில் வைப்பாள். நான் போட்ட பிறகு கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அன்று முழுக்க வேறு வேலை கிடையாது. கால் பிடித்துவிடுவாள், லைனில் நடந்த கதை சொல்வாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் நாங்கள் சேர்ந்து அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததில்லை. எப்போதும் எனக்கு ஒரு ஷிஃப்ட், அவளுக்கு ஒரு ஷிஃப்ட். அந்த நாட்களை நோட்டில் 'ஆஃப் 1', 'ஆஃப் 2' என்று தலைப்பிட்டு, கீழே தேதி போட்டு எழுதினேன்.

மருத்துவமனையில் மூன்று வாரத்துக்கென்று கொடுக்கும் மாத்திரை எப்போதும் முன்கூட்டியே தீர்ந்தது. 'மருந்தகத்தில் எண்ணிக் கொடுக்கத் தெரியவில்லை' என்று நோட்டில் எழுதிவிட்டு, படப்பை மெடிக்கலில் ஒரு அட்டை வாங்கி நிரப்பினேன். அடுத்தடுத்த செவ்வாய்களில் ஜான்சி சிஸ்டர், "வாரம் தவறாம போடுதியளா?" என்று கேட்டபோதெல்லாம், "ஒண்ணுகூடத் தவறல சிஸ்டர்" என்றேன். கன்னியப்பன் குறுக்கே புகுந்தார். "இவரு தவறுவாரா? மூச்சு விடறதையே எழுதிவெச்சு விடற ஆளு."

ஆனி நான்காம் செவ்வாய், மூன்றாம் முறை ஏற்றியபோது உதட்டின் உள்ளே இரண்டு புண். பெரிதாக நினைக்கவில்லை. ஆடி பிறந்து பத்து நாளுக்குள் வாய் முழுக்கப் புண். தண்ணீர் பட்டாலே எரிந்தது. ஆடி இரண்டாம் செவ்வாய் நான்காம் முறைக்குப் போனபோது ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பாதிக்குமேல் குறைந்திருந்தன. டாக்டரம்மா மருந்து கலக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னைப் படுக்கையில் சேர்க்கச் சொன்னார்.

"இது ரெண்டு காரணத்தால வரலாம்" என்றார். "மாத்திரை அதிகமா வேலை செஞ்சா இப்படி ஆகும். ஆனா உங்க டோஸுக்கு இவ்வளவு வரக்கூடாது. இன்னொண்ணு, செக்யூரிட்டி சில நேரம் வெறி வந்து உள் ஆளையே அடிச்சிடுவார். ஏத்தற மருந்து அப்படிப் பண்ணியிருந்தா, அதை மறுபடி தர முடியாது. எதுன்னு தெரியற வரைக்கும் ரெண்டையும் நிறுத்தறேன்."

"ஏத்துற மருந்தை நிறுத்திட்டா?" என்று தேவகி கேட்டாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் மிச்சம் என்பதை முன்பே சொல்லியிருந்தார்.

அன்று கன்னியப்பன் தன் மருந்து ஏறி முடிந்ததும், கையில் பஞ்சு ஒட்டியபடியே என் படுக்கைக்கு வந்தார். நான் பேச முடியாமல், இரண்டு மருந்தையும் நிறுத்திவிட்டதை நோட்டில் எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டு நோட்டை மூடித் தலையணை அருகே வைத்தார். பிறகு, "நான் குந்தினா ஆடறதுக்கு பெஞ்சுல ஆளே இல்ல வாத்யாரே. சீக்கிரம் வந்து குந்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் காலை ஜான்சி சிஸ்டர் வாய் கொப்பளிக்கும் மருந்தோடு வந்தார். தலையணை அருகே இருந்த நோட்டைப் பார்த்தார். "இத்தன நாளா எழுதுதியளே, நான் பாக்கலாமாண்ணே?" என்று கேட்டு எடுத்தார். நின்றபடி புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றார்.

"ஆஃப் நாலு, ஆஃப் அஞ்சுன்னு போட்டு மாத்திரை ஆறுன்னு எழுதிருக்கிய. இந்த ஆஃப் என்னைக்கு?"

என்னால் பேச முடியாததால் தேவகிதான் சொன்னாள். "எனக்கு ஆஃப் வுடற நாள் சிஸ்டர். அன்னிக்கித்தான் போடுவாரு. நான் கூட இருப்பேன்."

"அது என்ன கெழமைம்மா?"

"அது மாறிக்கினே இருக்கும்."

சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மாறுமா? எப்படி மாறும்?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு பேனாவை என் கையில் கொடுத்தார். "அண்ணே, நீங்கதான் கணக்குல கெட்டியாச்சே. ஒரு தேதிக்கும் அடுத்த தேதிக்கும் எத்தன நாள்னு எழுதுங்க பாப்போம்."

எழுதினேன். ஐந்து. ஏழு. நான்கு. ஏழு. நான்கு. ஏழு. நான்கு. மூன்றாவது நான்கு வந்தபோது கை நின்றுவிட்டது. மீதியைச் சிஸ்டரே எண்ணினார். ஒன்பது முறை போட்டிருக்க வேண்டிய நாட்களில் பன்னிரண்டு முறை போட்டிருந்தேன். போன மருந்து உடம்பிலிருந்து இறங்குவதற்குள் அடுத்தது ஏறியிருந்தது. மருந்தகத்தில் எண்ணத் தெரியவில்லை என்று நான் எழுதியிருந்த வரியும் அதே பக்கத்தில் இருந்தது. தேதி ஒன்றுகூட விடவில்லை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துத்தான் பார்க்கவில்லை. நானூறு கருவிகளுக்கு அடுத்த நாள் குறித்தவன் என் உடம்புக்கு அந்த ஸ்டிக்கரை ஒட்டவில்லை.

மதியம் டாக்டரம்மா நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "இது எனக்கு நல்ல செய்தி" என்றார். "மாத்திரைதான் காரணம்னா, இன்னும் நாலஞ்சு நாள்ல புண் ஆறணும். ஆறினா ஏத்தற மருந்து மேல பழியில்ல." அப்புறம் தேவகியிடம் திரும்பினார். "இந்த மாத்திரைக்கு ஆஃபெல்லாம் தெரியாதும்மா. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் ஏழு நாள்."

அவர் போன பிறகு தேவகி வெளியே போனாள். வெகுநேரம் வரவில்லை. நான் சலைன் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தேன். டே கேர் வாசல் பெஞ்சில், ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"நானே எண்ணி எண்ணி வெச்சேனே மாமா" என்றாள். "பக்கத்துல குந்திக்கினு பாத்துக்கினு இருந்தேன். கால் புடிச்சுவுட்டேன். அதுவே உனக்கு விஷமாப்பூட்ச்சே."

பக்கத்தில் உட்கார்ந்தேன். நோட்டில் எழுதிக் காட்டினேன்: நோட்டு என்னுடையது. தப்பும் என்னுடையது.

அவள் படித்துவிட்டு, "எய்தாத, கை வலிக்கும்" என்றாள்.

நான்காம் நாள் தண்ணீர் எரியாமல் இறங்கியது. ஆறாம் நாள் ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை ஏறியது. ஆடி மூன்றாம் செவ்வாய், ஒரு வாரம் தாமதமாக, நான்காம் முறை மருந்து ஏற்றினார்கள். மாத்திரையை மட்டும் இன்னும் சில நாள் நிறுத்திவைத்து, ஆடி கடைசி ஞாயிறு காலையிலிருந்து போடச் சொன்னார்கள். இனி எந்தக் காரணத்துக்கும் ஞாயிறு மாறக்கூடாது.

நான் தனியாகவே போட்டுக்கொள்கிறேன் என்றேன். தேவகி ஒத்துக்கொள்ளவில்லை. சூப்பர்வைசரிடம் போய் ஞாயிறையே நிரந்தர ஆஃபாகக் கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் கம்ப்யூட்டர் போடறது, அக்கா. நான் இன்னா பண்றது? நீங்களா யார் கூடனா மாத்திக்கினா ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றாராம். அவள் லைனில் பெரும்பாலும் தெற்கத்திப் பெண்கள். ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் ஒரு அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருப்பவர்கள். டீ நேரத்தில் அவள் விஷயத்தைச் சொன்னாள். தென்காசிப் பக்கத்து முத்துலட்சுமிதான் முதலில் பேசினாளாம்.

"ஞாயித்துக்கெழம எங்களுக்கு என்னக்கா கெடக்கு? பாத்ரூம் வாசல்ல துணியோட வரிசையில நிக்கணும். நீங்க எடுத்துக்கிடுங்க. யார் யாருக்கு ஞாயிறு விழுதோ, அவங்க குடுக்கட்டும்."

"வார நாள்ல நின்னா வரிசையும் இருக்காதுல்லா" என்றாளாம் இன்னொருத்தி.

அப்படி ஏற்பாடானது. நான் நோட்டில் புதிதாகக் கோடு போட்டேன். நாள், கிழமை, இடைவெளி, மாத்திரை, அதற்குப் பக்கத்தில் 'ஆஃப் தந்தவர்'. ஆடி கடைசி ஞாயிறுக்கு நேரே மாரிச்செல்வி என்று எழுதினேன். அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் தேவகிக்கே ஆஃப் விழுந்தது. பிறகு ஜெபா. பிறகு அன்னலட்சுமி. நான் பார்த்திராத பெண்கள். இடைவெளிக் கட்டத்தில் ஏழு, ஏழு, ஏழு என்று இறங்கி வந்தது.

ஸ்கேன் ஆவணி முதல் வாரத்தில். முடிவு அடுத்த செவ்வாய். அன்று டாக்டரம்மா படத்தைத் திரையில் போட்டுப் பழைய படத்தையும் பக்கத்தில் வைத்தார். எனக்குப் படம் புரியவில்லை. எண்ணத்தான் தெரிந்தது. முன்பு நான்கு விளக்கு எரிந்தது, இப்போது மூன்று. அந்த மூன்றும் மங்கலாக, சின்னதாக.

"அடங்கியிருக்கு" என்றார். "போயிடுச்சுன்னு சொல்லல. அடங்கியிருக்கு. தொடரலாம்."

தேவகி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்டது: "அந்த மூணு தபா மாத்திரை கூடப் போட்டதால கெட்டது எதுனா?"

"ஒண்ணும் இல்லம்மா. போய்க் கூழ் குடுங்க."

வெளியே வந்தால் பெஞ்சில் யார் யாரோ இருந்தார்கள். கன்னியப்பன் இல்லை. இருக்க முடியாது. என் முறை ஒரு வாரம் தள்ளிப்போனதால் அவருடைய செவ்வாயும் என்னுடைய செவ்வாயும் இனி ஒன்றாக வராது. இருவருக்கும் மூன்று வாரம்; ஒரு வாரத் தள்ளல் எப்போதும் ஒரு வாரத் தள்ளலாகவே நிற்கும். மும்முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன், வழியில்லை. என் தப்புக்கு நான் கட்டிய அபராதம் என்றால் அதுதான். போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"மெய்யாலுமா? அடங்கிச்சா?" என்றார். கொஞ்சம் இருமினார். "எனக்கும் அப்டியேதான் கீதாம். வாத்யாரே, நீ ஒரு ட்ரிப்பு லேட்டாய்ட்ட. அடுத்த வண்டில வர்றே. ரோடு ஒண்ணுதான்."

இப்போதும் செவ்வாய் காலைகளில் பேசிக்கொள்கிறோம். அவர் பெஞ்சிலிருந்து பேசும் நாட்களில் பின்னால் கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். நான் பேச்சைக் கொஞ்சம் நீட்டுவேன்.

ஆவணி கடைசி ஞாயிறைச் சொல்லி முடிக்கிறேன். அந்த ஞாயிறு முத்துலட்சுமி தருவதாக இருந்தது. வெள்ளியன்று தேவகி வீட்டுக்கு வந்து, சாப்பாடு போட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கிச் சொன்னாள். "அந்தப் பொண்ணோட அக்காவுக்கு ஞாயித்துக்கெயம வளைகாப்பாம். எங்கிட்ட வாயே தொறக்கல மாமா. பக்கத்து ரூம் பொண்ணு சொல்லித்தான் தெரியும். போலன்னு வூட்டுக்கு போன் பண்ணி சொல்லிட்டாளாம்."

"நீ இன்னா சொன்ன?"

"போய்ட்டு வாடி, ஆஃபு உன்னுதுன்னு சொல்லிட்டேன். கையெழுத்துப் போட்ட பேப்பரையும் கிழிச்சிட்டேன்." என் முகத்தைப் பார்த்தாள். "நீ தனியா போட்டுக்குவியா?"

ஞாயிறு காலை அவள் ஐந்தரை மணி கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். போகும்முன் கிண்ணத்தில் மாத்திரையை எண்ணி வைத்தாள். குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். எட்டு மணிக்கு நான் மறுபடி எண்ணினேன். ஆறு. ஒவ்வொன்றாகப் போட்டு, இருநூறு மில்லி தண்ணீர் குடித்து, கட்டிலில் உட்கார்ந்தேன். ஸ்டூல் எதிரே காலியாக இருந்தது.

பத்து மணிக்கு டீ இடைவேளையில் லாக்கருக்கு ஓடிவந்து கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

"போட்டியா?"

"எட்டு மணிக்கே."

"எத்தினி?"

"ஆறு."

"இன்னா கெயம இன்னிக்கி?"

"ஞாயிறு."

"ஆங், நெனப்பு இருக்கட்டும். படுத்துக்கோ. சாயங்காலம் முத்துலட்சுமி போன் பண்ணுவா, எடு. உன்ன கேட்டுக்கினே இருந்தா."

போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். வயிறு புரட்டுவதற்குள் எழுதிவிட வேண்டும். நாள் எழுதினேன். கிழமை, ஞாயிறு. இடைவெளி, ஏழு. மாத்திரை, ஆறு. ஆஃப் தந்தவர் என்ற கட்டத்தில் பேனா சற்று நின்றது. பிறகு தேவகி என்று எழுதினேன்.